சிவப்பு என்றேன், செத்தது என்று எழுதினார்கள்

1

நான் நார்வேக்கு வந்து பதினைந்து வருடம் முடிந்த அதே வாரத்தில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, நார்வேஜிய மொழித் தேர்வில் நான் தேறிவிட்டேன் என்ற சான்றிதழ். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறை பிடித்தது. 'உச்சரிப்பு' என்ற கட்டத்தில் 'புரிகிறது' என்று போட்டிருந்தார்கள். 'நன்று' இல்லை, 'புரிகிறது'. அதுவே போதும் என்று என் மனைவி எஸ்தர் அதை பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள்.

இரண்டாவது, ஆபீசிலிருந்து வந்த மின்னஞ்சல். நான் வேலை பார்த்த ஒரு கடலடி ஆய்வின் அறிக்கை முடிந்துவிட்டது, உங்களுக்கு ஒரு பிரதி, என்று இருந்தது. அதன் நாற்பதாம் பக்கத்தில், என் உச்சரிப்பு புரியவில்லை என்பதற்கான அத்தாட்சி இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பலருக்கு அது இன்னும் விளங்கவில்லை. புதுவாயலில் என் அம்மாவைக் கேட்டால், "கப்பல்ல குந்திகினு டிவி பாக்கறான். அதுக்கு சம்பளம் தராங்க" என்பார். பெரிய தவறில்லை. ஒரு சின்ன கார் அளவுக்கு ஓர் இயந்திரம். விளக்குகள், கேமராக்கள், இரண்டு இரும்புக் கைகள். நீளமான வடத்தில் கட்டி அதைக் கப்பலிலிருந்து கடலுக்குள் இறக்குவோம். நான் மேலே கன்டெய்னர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கைப்பிடியால் அதை ஓட்டுவேன். ஓர் இடத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டப்போகிறார்கள் என்றால், அதற்கு முன் அந்தத் தரையில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். பாறையா, சேறா, பழைய போர்க்காலத்துக் குண்டா, உயிருள்ள ஏதாவதா. நான் பார்த்துச் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து இங்ரிட் எழுதிக்கொள்வார். அவர் உயிரியல் படித்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

வருடத்தில் பாதி நாள் இப்படி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து, யாரும் போகாத தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அளவுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. அப்பா அதே பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நெல்லறுத்தவர். நிலம் ஆலையான பிறகு ஆலைக்கு லோடு ஏற்றினார். ஐடிஐயில் என்னோடு படித்த தேசப்பனும் என்னோடு அதே ஷிப்டில் சேர்ந்தான். பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரன். அவன் வீட்டில் எல்லோருக்கும் கடல்தான் தொழில். முதன்முதலாகச் சட்டையில் அடையாள அட்டை குத்திக்கொண்டு வேலைக்குப் போனவன் அவன்.

இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. ஒரு நாள் கேன்டீனில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் நின்னுக்கறேன்டா சாமு" என்றான்.

"ஏன்டா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. இங்க எல்லாத்துக்கும் மீட்டர் வெச்சிகீறாங்க. சூடு எவ்ளோ, அழுத்தம் எவ்ளோ, முள்ளே சொல்லிடுது. எனக்கு யோசிக்க ஒண்ணுமே இல்ல."

அவன் படகுக்குத் திரும்பினான். நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறைக்குப் போய், அங்கிருந்து இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தேன்.

தேசப்பன் தூண்டில்காரன். வலையைவிடக் கயிறும் முள்ளும்தான் அவனுக்கு. கரையிலிருந்து வெகு தூரம் போய், தரை சரிந்து ஆழம் தொடங்குகிற இடத்தில் அறுபது பாகம் கயிறு விடுவான். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். கயிற்று நுனியில் கட்டிய ஈயம் தரையைத் தொடும்போது கைக்குத் தெரியுமாம். சேறு என்றால் இழுத்துப் பிடிக்கும், மணல் என்றால் சறுக்கும், 'பாரு' என்றால் டக்கென்று தட்டும். பாரு என்று அவர்கள் சொல்வது கடலடிப் பாறைத் திட்டு. மீன் அங்கேதான் கூடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு மூன்று பாரு தெரிந்திருக்கும். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேராக வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். முன்பு பனைமரமும் கோபுரமும். இப்போது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்.

நான் கடலடி பார்க்கிற வேலைக்கு வந்துவிட்டேன் என்று சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சம்பளத்தைக் கேட்கவில்லை, குளிரைக் கேட்கவில்லை.

"கீழ இன்னாதான்டா கீது? எங்க நைனா நாப்பது வருஷம் கயிறு வுட்டாரு. ஒரு தபா கூட பாத்ததில்ல."

3

ஒரு டிசம்பரில் நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். புயலும் பெருமழையும் ஓய்ந்து வெள்ளம் வடிகிற நேரம். எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தில் எண்ணெய் கலந்துவிட்டது என்று செய்தி வந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. தேசப்பனின் மாமனார் வீடு அங்கே இருந்தது. அவனோடு பைக்கில் போனேன்.

தண்ணீர் மேல் கறுப்பாக, தார் காய்ச்சிக் கொட்டினதுபோல் கிடந்தது. அலையாத்திச் செடிகள் இடுப்புவரை பூசிக்கொண்டு நின்றன. ஆட்கள் படகில் நின்று வாளியாலும் குவளையாலும் மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தேசப்பனும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். நான் கரையில் நின்று டிரம் உருட்டினேன். நான்கு நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் தண்ணீர் தண்ணீர்போல் இருந்தது. மேற்பார்வைக்கு வந்தவர்களில் ஒருவர், "பெரும்பாலும் எடுத்தாச்சு. மீதி வெயில்ல ஆவியாயிடும், அலையில கரைஞ்சிடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பகுதி ஆவியாகத்தான் செய்யும்.

மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே தேசப்பன் என்னிடம் கேட்டான்.

"கரையும்ன்றாரே, சக்கரயா அது கரைய? கரைஞ்சா எங்க போவும்?"

எண்ணெய்க் கம்பெனிகளுக்காக வேலை செய்கிறவன் நான். எண்ணெய் மிதக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நின்றுவிட்டேன்.

நான் நார்வேயின் பெர்கன் நகருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து அவன் ஒரு படம் அனுப்பினான். ஈயத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த பழுப்பு நிறக் கட்டி. நகத்தால் கீறினால் கொழகொழவென்று இருக்கிறதாம். "இது தரையில இருந்து வந்துது. மேல இருந்து இல்ல. இது இன்னான்னு கேட்டுச் சொல்லு."

4

இங்ரிட்டிடம் படத்தைக் காட்டினேன். எங்கே எடுத்தது, எத்தனை ஆழம், எத்தனை நாள் கழித்து என்று நிறையக் கேட்டார். படத்தை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, எண்ணெய் எப்படித் தரைக்குப் போகும் என்பதை எனக்கு விளக்கினார்.

கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்ந்து சாகின்றன. அவற்றின் உடம்பும் கழிவும் கோழையும் துகள் துகளாக இரவு பகலாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பனி பெய்வதுபோல் இருக்கும். அதை நான் தினமும் திரையில் பார்த்திருக்கிறேன். தூசி என்று நினைத்து லென்ஸைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய் மேலே கிடந்தால் அந்தக் கோழை அதைப் பிடித்துக்கொள்ளும். ஆற்று வெள்ளம் கொண்டுவரும் சேறும் சேர்ந்துகொள்ளும். கனம் கூடியதும் எல்லாம் சேர்ந்து இறங்கும். எண்ணெயைச் சிதறடிக்க மேலே ஒரு மருந்து தெளிப்பார்கள். கரைக்கு அது நல்லது, பறவைக்கு நல்லது. ஆனால் சிதறிய துளிகளில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போகும்.

"ஆழத்தில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமே" என்றார் இங்ரிட்.

தெரியும். வெளிச்சமே போகாத ஆழத்தில், நாலு டிகிரிக் குளிரில் பவளங்கள் இருக்கின்றன. இங்கே வருவதற்கு முன், பவளம் என்றால் ராமேசுவரம் பக்கம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் மட்டும் வளர்வது என்று நினைத்திருந்தேன். முதல் தடவை இயந்திரத்தின் விளக்கு ஒரு சரிவில் பட்டபோது, ஆள் உயரத்துக்கு வெள்ளையாகவும் சிவப்பாகவும் ஒரு தோப்பே நின்றது. வெயிலே படாத இடத்தில் எதற்கு இந்த நிறம், யார் பார்க்க? இன்றுவரை எனக்கு யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

இங்ரிட் விளக்கிய அன்றே கப்பலிலிருந்து தேசப்பனை அழைத்துச் சொன்னேன்.

"இருட்டுல செடியாடா?"

"செடி இல்ல. பூச்சி. ஆயிரம் ஆயிரம் பூச்சி ஒண்ணா குந்திகினு ஊடு கட்டிக்குது. வருஷத்துக்கு ஒரு நகம் அளவுதான் வளருது. சிலது அதுகூட இல்ல. நம்ம கோயில் குளம் வெட்டறதுக்கு முன்னாடி பொறந்ததெல்லாம் இன்னும் உயிரோட நிக்குது."

"துன்றதுக்கு?"

"மேல இருந்து விழற பனிதான். கைய விரிச்சிகினு நிக்கும். விழறத புடிச்சித் துன்னும்."

"அப்ப எண்ணெய் விழுந்தாலும் கைய விரிச்சிகினுதான் நிக்கும்" என்றான்.

அதேதான். மெக்சிகோ வளைகுடாவில் ஆழ்கடல் கிணறு வெடித்த பிறகு இப்படித்தான் ஒரு பவளத் தோப்பு பழுப்புச் சளி போர்த்திக்கொண்டு நின்றதைக் கண்டார்கள். நகர முடியாது, கதவைச் சாத்த முடியாது. ஒரு கிளை செத்தால் அது திரும்ப வளர நம் ஆயுள் போதாது.

5

இப்போது நாற்பதாம் பக்கத்துக்கு வருகிறேன்.

அந்த ஆய்வு வடக்கே ஒரு சரிவில் நடந்தது. புதிதாக ஒரு கிணறு வரப்போகிறது. அதைத் தோண்டும் மிதவையை எட்டு நங்கூரச் சங்கிலிகள் பிடித்திருக்கும். சங்கிலி படுகிற தரையை நாங்கள் பார்த்தோம். ஓரிடத்தில் வரிசையாகப் பாறைகள். அவற்றின் மேல் விசிறிபோல் விரிந்த பவளங்கள். நார்வேக்காரர்கள் அதற்குக் 'கடல் மரம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வெள்ளையும் உண்டு, சிவப்பும் உண்டு. நான் பார்த்தவை சிவப்பு. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் நார்வேஜிய மொழியில் "சிவப்புப் பவளம்" என்று சொன்னேன். இங்ரிட் அப்போது குனிந்து சேற்று மாதிரி டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். என் வாயை நம்பி எழுதினார்.

அறிக்கையின் அட்டவணையில் பதினொரு இடங்களில் 'இறந்த பவளம்' என்று இருந்தது.

அவர்கள் மொழியில் சிவப்பு என்பது 'ரோ' மாதிரி ஒரு சொல். செத்தது என்பது 'தோ' மாதிரி ஒரு சொல். உதட்டை 'ஓ'வுக்குக் குவித்துக்கொண்டு 'ஏ' சொல்ல வேண்டும். முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். பெர்கன்காரர்கள் அந்த 'ர'வைத் தொண்டைக்குள் கரகரக்கிறார்கள். நாம் நாக்கு நுனியால் ஒரு தட்டுத் தட்டுகிறோம். அவர்கள் காதில் அந்தத் தட்டு 'த' என்று விழுகிறது.

செத்த பவளம் என்றால் யாரும் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. சங்கிலி அதன் மேல் படலாம். அதோடு முடியவில்லை. இந்த அட்டவணையை வைத்துத்தான் எண்ணெய்க் கசிவுக்கான வரைபடம் தயாராகும். நாளைக்குக் கிணற்றில் ஏதாவது ஆனால் எங்கே மருந்து தெளிக்கலாம், எங்கே கூடாது என்று அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அந்தச் சரிவு அதில் வெற்றிடமாக இருக்கும்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மாதம்தான் ஷிப்டுப் பொறுப்பாளர் பதவிக்கு என் பேர் பரிசீலனையில் இருந்தது. தகுதிகளில் ஒன்று, மொழி. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை என் மகள் அபி பள்ளிவிட்டு வந்தாள். பதின்மூன்று வயது, இங்கேயே பிறந்தவள். அவள் தமிழ் எஸ்தரிடமிருந்து வந்தது, அப்படியே கும்மிடிப்பூண்டித் தமிழ். ஆனால் நார்வேக்காரர்கள்போல் ஒவ்வொரு வாக்கியத்தையும் மேலே ஏற்றி முடிப்பாள். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டினேன்.

"இது எது?"

"செத்தது."

"இது?"

"அதுவும் செத்ததுதான்."

நான்கு தடவை மாற்றி மாற்றிச் சொன்னேன். நான்கும் செத்தது.

"நீ எப்பவுமே அப்படித்தான்பா சொல்ற" என்றாள். "சின்ன வயசுல என் ஃபிரண்ட்ஸ் முன்னாடி, 'உன் செத்த சைக்கிள் எங்க'ன்னு கேட்ட. நாங்க சிரிச்சிகினே இருந்தோம்."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு."

அந்தச் சிவப்புச் சைக்கிள் வாங்கி ஏழு வருடம். இந்த வீட்டில் என்னைச் சுற்றி ஒரு பரிதாபம் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் என்னென்ன சொல்லை இவர்கள் சகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அறியத்தான் ஆசையாக இருந்தது. கேட்டேன். அபி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். எஸ்தர் சமையலறையிலிருந்து வந்து இரண்டு சேர்த்தாள்.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஆபீசுக்குக் கடிதம் எழுதினோம். 'கேட்பதில் தவறு நேர்ந்திருக்கலாம்' என்று நான் எழுதினதை அபி அழித்தாள். "அவங்க சரியாத்தான் கேட்டாங்க. நீ சொன்னதுதான் தப்பு. அப்படியே எழுதுப்பா."

6

முடிந்துபோன அறிக்கையைத் திறப்பது, புதைத்ததைத் தோண்டுவதுபோல் பெரிய வேலை. தவறைத் தெரிவிக்கும் 'விலகல்' படிவம் ஒன்று, காரணப் படிவம் ஒன்று, வாடிக்கையாளர் கம்பெனியின் சம்மதம், பிறகு மூலக் காணொளிக்கான விண்ணப்பம். நான் நிரப்பின முதல் படிவம் திரும்பி வந்தது. 'பிழையின் வகை' என்ற இடத்தில் கருவி, மென்பொருள், மனிதர் என்று மூன்று கட்டம்தான் இருந்தன. நாக்கு எதில் சேரும் என்று தெரியாமல் மூன்றையும் விட்டிருந்தேன்.

மேலாளர் ரூனே என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் அன்று அவசரத்தில் இருந்தார். மிதவை அடுத்த வாரம் புறப்படுகிறது.

"ஒரு சொல்லுக்காக நிறுத்தச் சொல்கிறாயா?"

"நிறுத்த வேண்டாம். பாருங்கள் என்கிறேன்."

"நீயே தேர்வில் பாஸ் பண்ணினவன்."

"புரிகிறது என்றுதான் போட்டிருக்கிறார்கள்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காணொளி வந்த அன்று கூட்ட அறையில் ஆறு பேர் இருந்தோம். முதலில் படத்தை மறைத்து ஒலியை மட்டும் போட்டார்கள். என் குரல். நான் கேட்டது தெளிவாகச் சிவப்பு. மற்ற ஐந்து பேரும் கேட்டது செத்தது. இங்ரிட் தலையைக் குனிந்தபடி, "நான் கேட்டதைத்தான் எழுதினேன்" என்றார். "ஆமாம்" என்றேன். அந்த அறையில் வேறெதையும் அவ்வளவு உறுதியாக நான் சொல்லவில்லை.

பிறகு படத்தைத் திறந்தார்கள். பாறை மேல் விசிறி. ரத்தச் சிவப்பு. ஒவ்வொரு கிளையிலும் குட்டிக் குட்டிக் கைகள் விரிந்திருந்தன. விரித்திருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பனி அதன் மேல் மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. ரூனே எழுந்துபோய் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்.

பதினொன்றையும் பார்த்தோம். ஒன்பது முழுக்க உயிரோடு. ஒன்று பாதி: ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் மொட்டை எலும்பு, அதில் பழைய மீன்பிடிக் கயிறு சுற்றியிருந்தது. இன்னொன்று உண்மையாகவே செத்தது. அங்கே நான் 'சிவப்பு' என்று சொல்லியிருந்தேன். ஆறு மணி நேரம் திரையைப் பார்த்த பிறகு கண் செய்த தவறாக இருக்கலாம். அட்டவணையில் அது மட்டும் 'இறந்த பவளம்' என்றே இருக்கட்டும் என்றேன்.

இரண்டு சங்கிலிகளின் பாதையை மாற்றினார்கள். மிதவை ஐந்து நாள் தாமதமாகப் புறப்பட்டது. வரைபடத்தில் அந்தச் சரிவுக்கு நிறம் வந்தது. ஷிப்டுப் பொறுப்பாளர் பதவி அந்த வருடம் எனக்கு வரவில்லை; இதனால்தானா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு விஷயம் மட்டும் மாறியது. அடுத்த பயணத்தில் கப்பல் ஏறினதும் இங்ரிட், "உங்கள் மொழியில் அந்த நிறத்துக்கு என்ன சொல்?" என்று கேட்டார். இப்போது திரையில் அது வரும்போதெல்லாம் நான் தமிழில் சொல்கிறேன், அவர் நார்வேஜியனில் எழுதுகிறார். 'சிவப்பு' என்பதில் அவருக்குக் கடைசி 'உ' குறுகவில்லை. 'சிவப்பூ' என்கிறார். புரிகிறது.

7

இதையெல்லாம் தேசப்பனிடம் சொன்னபோது அவன் கேட்டது: "நம்ம பக்கத்துக்கு அந்த மாதிரி மேப்பு கீதா? எண்ணெய் வந்தா எங்க மருந்து தெளிக்கக் கூடாதுன்னு?"

கரையோரத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இருக்கும். அவன் கயிறு விடுகிற ஆழத்துக்கு இருக்கிறதா என்று நான் தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

"அப்ப நாமளே பண்ணலாம். உன் பாரு எங்கெங்க கீதுன்னு சொல்லு" என்றேன். அது பெரிய கேள்வி என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பாரு இருக்கும் இடத்தை அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள்.

"சொன்னா எண்ணெய்ல இருந்து காப்பாத்துவாங்களோ இன்னாவோ தெரியாது. மறுநாளே ஊரு வலை மொத்தம் அங்க நிக்கும். அதுக்கு எண்ணெய் எவ்ளோவோ தேவல" என்றான்.

போன பிப்ரவரியில் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பொட்டலம் கொண்டுவந்தேன். பட்டறையில் வீணான அலுமினியக் குழாயில் நானே கடைந்து செய்த உறை. உள்ளே சின்ன கேமராவும் விளக்கும். விடிந்ததும் படகு ஏறினோம். அவனும் நானும் மட்டும். கரை தாண்டியதும் என் போனை வாங்கி அணைத்துத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டான். "இது எங்க போறோம்னு எழுதிக்கினே வரும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு வரவில்லை.

மூன்று மணி நேரம். புகைபோக்கிகள் குச்சிகளாகி, அவற்றில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் இன்ஜினை நிறுத்தினான். கேமராவைக் கயிற்றில் கட்டி அறுபது பாகம் இறக்கினோம். கயிறு அவன் கையில்தான் இருந்தது. "தட்டுது" என்றான். கால் மணி நேரம் கழித்து இழுத்தோம். வெயில் படாமல் தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, இரண்டு பேரும் உள்ளங்கை அளவுத் திரையைப் பார்த்தோம்.

பச்சைக் கலங்கல். அதற்குள் பனி. பிறகு பாறை. அதன் மேல் சாட்டைபோல் நீண்ட மஞ்சள் கிளைகள், விசிறிகள், நடுவே அசையாமல் நிற்கிற ஒரு கூட்டம் மீன். எங்கள் வெளிச்சத்துக்கு ஒரு விலாங்கு பொந்துக்குள் பின்வாங்கியது. எந்த வகைப் பவளம் என்று எனக்குத் தெரியவில்லை. இங்ரிட் பார்க்காமல் சொல்லமாட்டேன். ஆழ்கடல் என்றுகூடச் சொல்ல முடியாது, அதன் வாசற்படி. விசிறிகளில் ஒன்றில் நைலான் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. நரம்பின் நுனியில் ஓர் ஈயக் குண்டு ஊசலாடியது.

"அது என்னுது" என்றான் தேசப்பன். "நாலு வருஷத்துக்கு மின்ன அறுந்துது. கல்லுல மாட்டிக்கிச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

மூன்று தடவை போட்டுப் பார்த்தான். மூன்றாவது தடவை துண்டு நழுவி விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"இப்பவாவது சொல்லுவியா? இடத்த எழுதிக்கலாமா?" என்றேன்.

"இப்ப பாத்துட்டேன்ல. இனிமே சத்தியமா சொல்லவே மாட்டேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நங்கூரச் சங்கிலியைத் தள்ளிப் போடச் சொன்னபோது எனக்கு இருந்த உரிமை இங்கே இல்லை. நான் பெர்கன் திரும்பினேன். அவன் அந்தக் காணொளியைக் குப்பத்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான், எந்த இடம் என்று சொல்லாமல். ஒவ்வொருவரும் அது தன் பாரு என்று நினைத்தார்களாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் பேசி, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். எல்லோருடைய பாருகளும் அடங்குகிற மாதிரி கடலில் ஒரு பெரிய பெட்டி போட்டார்கள். அதன் நான்கு மூலைகளை மட்டும் ஒரு மனுவில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தேசப்பன் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனான். மனுவின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தான். அவன் கையெழுத்து ஐடிஐ நாளில் பார்த்ததுதான், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

'இந்த நாலு மூலைக்குள்ளே கல்லும் அதன் மேல் உயிரும் உள்ளது. எண்ணெய் வந்தால் இதன் மேல் மருந்து தெளிக்கும் முன் எங்களைக் கேட்கவும். எந்த இடம் என்று கேட்க வேண்டாம்.'

அங்கே இருந்த எழுத்தர் இரண்டு தடவை படித்துவிட்டு, குறிப்பான இடம் இல்லாமல் எப்படிப் பதிவு செய்வது, இவ்வளவு பெரிய பரப்பில் பாதி வெறும் சேறாகத்தானே இருக்கும் என்று கேட்டாராம்.

"பாதிக்கு மேலயே சேறுதான் சார்" என்றிருக்கிறான் தேசப்பன். "சேத்தையும் சேத்தே பாத்துக்குங்க."

அவர் மனுவில் முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார்.